ஒரே கம்பத்தில் இரண்டு கயிறு

மனைவி மேல் சந்தேகம் என்று வருகிற கணவன்மார்கள் கொண்டுவரும் சாட்சியங்களைத் துப்பறியும் ஆபீஸ் உதவியாளன் தீபக் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தான். செல்போன், சென்ட் வாசனை, பக்கத்து வீட்டுக்காரி. இந்த மூன்றிலும் அடங்காமல், துணி காயப்போடும் கயிற்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்த முதல் ஆசாமி நோவாதான்.

"இது எங்க வீட்டு மொட்டை மாடி மேடம். லாலாகுடா," என்று போனை மேஜைமேல் வைத்தான் நோவா. "இந்தக் கம்பத்தப் பாருங்க. எவனோ ஒருத்தன் வந்து போயிருக்கான்."

முதலாளி கனகம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தீபக்கும் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஓர் இரும்புக் கம்பம், அதில் மாட்டிய இரண்டு கயிறு, ஒரு மஞ்சள் நைட்டி. நைட்டி அவன் கண்ணுக்கு நிரபராதியாகத்தான் தெரிந்தது.

"நைட்டி உங்க ஒய்ஃபோடதா சார்?"

"கீழ் வீட்டு ஆக்னஸ் ஆன்ட்டியோடது. ஹவுஸ் ஓனர். எழுபது வயசு இருக்கும்."

"அப்ப கேஸ் க்ளோஸ் மேடம்."

கனகம் திரும்பாமலேயே கையமர்த்தினார். மாரேட்பள்ளியில் சலூனுக்கு மேல் மாடியில் இந்தத் துப்பறியும் ஆபீசைத் திறப்பதற்கு முன்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கிளெய்ம் பிடித்துக் கொடுத்தவர் அவர். எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டவர்களைப் பார்த்துப் பார்த்தே சிரிப்பையெல்லாம் செலவழித்துவிட்டார் என்பது தீபக்கின் அபிப்பிராயம்.

"கயிறுல என்ன தம்பி?" என்றார்.

நோவா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். போன வாரம்தான் கடலிலிருந்து வீடு திரும்பியவன். தூக்கம் கெட்ட கண்.

"ஒரே கம்பத்துல ரெண்டு கயித்து வளையத்த மாட்டுதோம்னு வைங்க. நீங்களும் நானும் மாட்டுனா ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுருவோம். அப்புறம் அடியில இருக்கதக் கழட்டணும்னா மேல உள்ளதக் கழட்டியே ஆகணும். கப்பல் கட்டுதவன் அப்படிப் போட மாட்டான். ரெண்டாவது வளையத்த மொத வளையத்துக்கு அடியில விட்டு, உள்ளுக்குள்ள நுழைச்சு, மேல கொண்டாந்து மாட்டுவான். எதை வேணும்னாலும் மொதல்ல கழட்டலாம். ஒரே துறைமுகக் கம்பத்துல நாலு கப்பல் கட்டியிருக்கும்லா? எவன் மொதல்ல கிளம்புவான்னு யாருக்குத் தெரியும்?"

கனகம் படத்தைப் பெரிதாக்கினார். நீலக் கயிற்றின் வளையம், ஆக்னஸ் ஆன்ட்டியின் வெள்ளைக் கயிற்று வளையத்துக்குள் அடியிலிருந்து நுழைந்து, அழகாக மேலேறி உட்கார்ந்திருந்தது.

"நீங்களே மாட்டியிருக்கலாமே சார்?" என்றான் தீபக்.

நோவாவுக்குச் சுருக்கென்றது. "நான் இன்ஜின் ஆளு. கப்பல்ல ரெண்டு கட்சி. டெக், இன்ஜின். கயிறு, நங்கூரம், பெயிண்ட் எல்லாம் டெக் கட்சி. நாங்க அதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டோம். கப்பல் கரை சேர்ந்தா எங்க டிபார்ட்மெண்ட்ல 'ஃபினிஷ்ட் வித் இன்ஜின்'னுவோம். அவனுங்க 'ஆல் ஃபாஸ்ட்'னுவானுங்க, கயிறெல்லாம் கட்டியாச்சுன்னு அர்த்தம். நேத்து பெர்சிஸ் போர்வையக் காயப்போட்டு, கயித்த ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? 'ஆல் ஃபாஸ்ட்'ங்கா. என் பொண்டாட்டி வாயில அடுத்த கட்சி வார்த்தை!"

அவன் மேஜையைக் குத்தினான். வேறொருவன் சட்டையை அலமாரியில் பார்த்திருந்தால்கூட இவ்வளவு துடித்திருக்க மாட்டான் என்று தோன்றியது தீபக்குக்கு. சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் அந்த எரிச்சல் பழக்கம்தான். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் காதலி ஹர்ஷிதா நேற்று ஆபீஸ் பிக்னிக் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதில் எவனோ ஒரு தாடிக்காரன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் குடையை மட்டும் தீபக் காலையிலிருந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டான்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் கனகம்.

"மனோஜ். சீஃப் ஆபிசர். டெக் கட்சி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெர்சிஸ் மூணு மாசம் என்கூடக் கப்பல்ல வந்தா. ஆபிசர்மார் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக அனுமதி உண்டு. அந்தக் கப்பல்லதான் அவன் இருந்தான். நம்ம மல்காஜ்கிரி பய. மெஸ்ல உக்காந்து தமிழ்ல ஜோக்கடிப்பான். இவ சிரிப்பா."

"நீங்க சிரிக்க மாட்டீங்களா?"

"நான் கீழருந்து குளிச்சுட்டு வர லேட்டாகும். நான் வரும்போதெல்லாம் ஜோக் முடிஞ்சிருக்கும்."

அதை அவன் சொன்ன விதத்தில் இரண்டு வருஷத்துக் கசப்பும் இருந்தது. இப்போது மனோஜ் கப்பலிலிருந்து இறங்கி, பேரடைஸ் பக்கத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் மாலுமிப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறானாம். லாலாகுடாவுக்கு ஒரே ஆட்டோ தூரம். வீட்டுக் கயிறும் முன்பு இது இல்லையாம். ஆணியில் சுற்றிய பிளாஸ்டிக் கயிறு போய், நீலநிறக் கப்பல் கயிறு வந்திருக்கிறது.

"அடுத்த கப்பலுக்குக் கம்பெனி கூப்பிடுது மேடம். ஆறு மாசம் வீட்லதான் இருப்பேன்னு அவகிட்ட வாக்குக் குடுத்துருக்கேன். சாயங்காலம் அவனுங்க போன் பண்ணுவானுங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, இன்னைக்கே மும்பைக்கு ஃபிளைட் ஏறிருவேன். அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

கனகம் எழுந்து செருப்பை மாட்டினார். "தீபக், வண்டிய எடு. தம்பி, நீங்களும் வாங்க. ஆனா வண்டியிலேயே உக்காந்திருக்கணும்."

தீபக்கின் பழைய ஆல்டோ சங்கீத் சிக்னலில் நின்றபோது கனகம் பின்சீட்டுக்குத் திரும்பினார்.

"ஒரு சந்தேகம் தம்பி. கப்பல் துறைமுகத்துக்குள்ள வரும்போது, கயிறு கட்டுற நேரத்துல, நீங்க எங்க இருப்பீங்க?"

"கீழதான். 'ஸ்டாண்ட்பை'ன்னு மணி அடிச்சா இன்ஜினியர் எல்லாம் இன்ஜின் ரூம்ல இருக்கணும். எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன் மேடம். ஒரு ஊரக்கூட கப்பல் உள்ள நுழையும்போது பாத்ததில்ல. எங்களுக்கு எல்லாத் துறைமுகமும் இரும்புச் சுவர்தான்."

"ம்," என்றார் கனகம். அந்த 'ம்' தீபக்குக்குத் தெரியும். ஏதோ கிடைத்துவிட்ட 'ம்'. ஆனால் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். இந்தக் குணத்துக்காகவே ஒரு நாள் வேலையை விட வேண்டும் என்று அவன் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தான்.

கோச்சிங் சென்டரில் மனோஜைப் பார்த்த உடனே தீபக்குக்கு வழக்கு முடிந்துவிட்டது. ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி. தாடி வைத்தவன் எவனும் இன்றைக்கு அவனிடம் தப்ப முடியாது.

"இவன்தான் மேடம்," என்று கிசுகிசுத்தான்.

"எதை வச்சு?"

"தாடிய வச்சு."

வகுப்பறை மேஜையில் துறைமுகக் கம்பத்தின் மர மாதிரி ஒன்று இருந்தது. பக்கத்தில் சின்னக் கயிறுகள். கனகம் ஒன்றும் தெரியாத அம்மாள் மாதிரி அதைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, எங்க அக்கா பையன் கப்பலுக்குப் போகணுங்கறான். ரெண்டு கயிறையும் இதுல எப்படி மாட்டுவீங்க? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

மனோஜ் பேசிக்கொண்டே மாட்டினான். முதல் வளையம் மேலிருந்து. இரண்டாவது வளையம் அடியிலிருந்து நுழைந்து, மேலேறி, உட்கார்ந்தது. தீபக் கனகத்தின் முழங்கையை இடித்தான். கனகம் அவன் காலை மிதித்தார்.

"இப்ப இதைப் பாருங்க," என்று போன் படத்தை நீட்டினார்.

மனோஜ் முகம் மலர்ந்தது. "அட, பக்கா! யாரு மாட்டினது? என் ஸ்டூடன்ட்ஸ் பாதிப் பேருக்கு இது வரல." படத்தைப் பெரிதாக்கினான். "ஆரே, இந்தச் சிவப்புத் துணி! வளையத்துல கயிறு தேயாம இருக்கச் சுத்தியிருக்கு பாருங்க. இது போசன் ஜகதீசன் அண்ணன் கைவேலை மேடம். போசன்னா டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி. தூத்துக்குடிக்காரர். சிவப்பு கான்வாஸ் சுத்தி, மேல மெழுகு நூலால இறுக்கிக் கட்டுவார். வேற யாரும் இப்படிப் பண்ணி நான் பார்த்ததில்ல."

"நீங்க பண்ணுவீங்களா?"

"நக்கோ மேடம். நான் நின்னு ஆர்டர் போடுற ஆளு. ஊசி நூலெல்லாம் நமக்கு வராது."

"அந்த போசன் இப்ப எங்க?"

"கடல்ல. போன கப்பல்ல நான் இறங்கினேன், அவர் இன்னும் இறங்கல."

கனகம் படத்தை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சிவப்புத் துணியை மட்டும் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஏதோ நெளிந்தது. சிரிப்பாக இருக்கலாம் என்று தீபக் நினைத்தான், ஆதாரம் போதவில்லை.

"கடைசியா ஒண்ணு. லாலாகுடாவுக்குப் போயிருக்கீங்களா?"

மனோஜ் புருவத்தைச் சுருக்கினான். "ஒரு தடவை. நோவா சார் வீட்டுக்கு. ஏன்?"

"கேட்டீங்களா!" என்றது ஒரு குரல் வாசலில்.

வண்டியில் உட்காரச் சொன்ன ஆள் வகுப்பறைக்குள் நின்றிருந்தான். அடுத்த நொடி மனோஜின் சட்டைக் காலர் அவன் பிடியில் இருந்தது. "நான் கடல்ல இருக்கும்போது என் வீட்டுக்கு நீ எதுக்கு வந்தே? சொல்லுடா, எதுக்கு?"

"பார்சல் குடுக்க சார்! போசன் குடுத்தனுப்பினார்! உங்க மிஸஸ்க்கு!"

"போசன் எதுக்கு என் பொண்டாட்டிக்குப் பார்சல் அனுப்புதான்?"

நோவாவின் சந்தேகப் பட்டியலில் இப்போது இரண்டு பேர் ஆனார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவனுக்குக் கடல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. தீபக் நடுவில் புகுந்து விலக்கியதில் அவனுடைய சொந்தச் சட்டைப் பொத்தான் ஒன்று தியாகமானது.

"சண்டைய நிறுத்துங்க," என்றார் கனகம். "உங்க கேள்விக்குப் பதில் உங்க மொட்டை மாடியிலதான் இருக்கு. வாங்க."

லாலாகுடாவில் கேட்டைத் திறந்ததும் ஆக்னஸ் ஆன்ட்டி முறத்தோடு எதிரே வந்தார். கனகம் நின்று, பார்சலைப் பற்றிக் கேட்டார்.

"நீலக் கயிறுதானே? நாந்தான் வாங்கி வச்சேன். பெர்சிஸ் டியூட்டிக்குப் போயிருந்தா. அந்தப் பையன் பைக்கக்கூட ஆஃப் பண்ணலம்மா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போப்பான்னேன், கிளாஸ் எடுக்கணும்னு ஓடிட்டான்."

நோவா படியேறினான். ஆன்ட்டியின் வாக்குமூலத்தில் மனோஜின் தாடி விடுதலையானது. தீபக்குக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

"மேடம், மனோஜும் இல்ல, போசன் கடல்ல இருக்கார். அப்ப யாரு மாட்டினது?" என்றான் படியில்.

"அந்தச் சிவப்புத் துணிய போசன் எப்படிக் கட்டுவாராம்?"

"மெழுகு நூலால, இறுக்கி."

"படத்துல கட்டியா இருக்கு?"

தீபக் போனை வாங்கிப் பார்த்தான். கட்டவில்லை. தைத்திருந்தது. சின்னச் சின்ன வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, தலையணை உறை ஓரத்தில் பூவும் கொடியும் போடுகிற மாதிரி.

"சங்கிலித் தையல்," என்றார் கனகம். "எந்தச் சீஃப் ஆபிசர்டா கயித்துக்குச் சங்கிலித் தையல் போடுவான்?"

மாடியில் பெர்சிஸ் வாளியோடு நின்றிருந்தாள். கணவன் பின்னால் இரண்டு புது ஆட்களைப் பார்த்ததும் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். துப்பட்டாவின் ஓரமெல்லாம் அதே தையல்.

"கயிறு பார்க்க வந்தோம்மா," என்றார் கனகம். "உன் கயிறைக் கழட்டி மறுபடி ஒரு தடவை மாட்டிக் காட்டுறியா?"

பெர்சிஸ் ஒன்றும் புரியாமல் நோவாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் நீல வளையத்தைக் கழற்றினாள். பிறகு கம்பத்தைப் பார்க்கக்கூடச் செய்யாமல், வெள்ளை வளையத்துக்கு அடியில் விட்டு, உள்ளே நுழைத்து, மேலேற்றி மாட்டி, ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஆல் ஃபாஸ்ட்," என்றாள். வாய் தானாகச் சொன்னது.

நோவா அந்த வளையத்தைக் காட்டினான். "இத யாரு உனக்குச் சொல்லித் தந்தது?"

"போசன் அண்ணாச்சிதான். வேற யாரு?"

"எப்ப?"

"எப்பவா? நம்ம கப்பல்லதான்! ஒவ்வொரு துறைமுகம் வரும்போதும் மேல கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நான் ஒத்தையா நிப்பேன். கயிறு போடுறத வேடிக்கை பாப்பேன். இந்தப் பிள்ளை தனியாவே நிக்குதேன்னு, டீ நேரத்துல ஸ்டோருக்குள்ள கூப்பிட்டு ரெண்டு துண்டுக் கயித்த வச்சுச் சொல்லிக் குடுத்தாவ. அவிய மகளுக்கு என் வயசாம். போன மாசம் கயிறும் குடுத்தனுப்பியிருக்காவ." அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கனகத்தின் கையிலிருந்த போனில் தன் வீட்டுக் கம்பத்தின் படம் தெரிந்தது. முகம் மெல்ல மாறியது. "இவங்க யாரு?"

நோவா தன் போனைக் கனகத்தின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"என்னைத் துப்பறியவா ஆள் வச்சீங்க?"

"நீ ஏன் எங்கிட்ட இதைச் சொல்லல?" என்றான் நோவா.

"நீங்க எப்பக் கேட்டீங்க? மேல என்ன பாத்தேன்னு, யார்கிட்டப் பேசினேன்னு, ஒரு நாள் கேட்டதுண்டா? ராத்திரி ரூமுக்கு வந்தா அந்த இன்ஜின் பேச்சுதான். அதுக்குச் சூடு கூடிட்டு, அதுக்கு எண்ணெய் நிக்கல, அது இன்னைக்கு ஒரு மாதிரி சத்தம் போடுது. தூக்கத்துலயும் அதுதான். மூணு மாசம் ஒரே கப்பல்ல இருந்தோம். நான் மேல, நீங்க கீழ, அதுகூடவே." அவள் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை. "அந்த இன்ஜின் மேல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? நான் எந்தத் துப்பறியும் ஆபீசுக்குப் போனேன்?"

தீபக்கின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. ஹர்ஷிதாவுக்கு அவன் டைப் செய்து அனுப்பாமல் வைத்திருந்த 'யார் அந்தக் குடை?' என்ற கேள்வியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். பிக்னிக் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது நோவாவின் போன் அடித்தது. கம்பெனி. பெர்சிஸ் திரையில் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"எப்பப் போறதா இருந்தீங்க?"

அவன் போனைத் திருப்பிப் பிடித்தான். "இன்னைக்கு."

பெர்சிஸ் தலையாட்டினாள். கம்பத்திடம் போய்த் தன் நீலக் கயிற்று வளையத்தைக் கழற்றி வெளியே இழுத்தாள். ஆக்னஸ் ஆன்ட்டியின் கயிறு அசையவில்லை. மஞ்சள் நைட்டி அப்படியே தொங்கியது.

"பாத்தீங்களா? ஒண்ணு கழண்டு போனாலும் இன்னொண்ணு நிக்கும். அதுக்குத்தான் இத ஆசையாக் கத்துக்கிட்டேன். நீங்க வந்து வந்து போற ஆளுல்லா. போறதுன்னா போங்க."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கும் சேர்ந்து ஊதியது. தீபக் வாயைத் திறக்கப் போனான். கனகம் அவன் சட்டையைப் பிடித்துப் படிப் பக்கம் இழுத்தார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்த தீபக், நோவா போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெர்சிஸ் கையிலிருந்த வளையத்தை வாங்குவதைக் கண்டான்.

அவன் அதைக் கம்பத்தில் மேலிருந்து மாட்டினான். இன்ஜின் கட்சிக்காரன் மாட்டுகிறபடி.

"அடியிலருந்து," என்றாள் பெர்சிஸ், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கழற்றினான். அடியில் விட்டான். நுழைக்கும்போது வளையம் திருகிக்கொண்டது. மறுபடி முயன்றான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை வளையம் மேலேறி உட்கார்ந்தது.

"ஆல் ஃபாஸ்டா?" என்றான் நோவா மெதுவாக. அந்த வார்த்தையை அவன் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பெர்சிஸ் கயிற்றில் கைவைத்து இழுத்துப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இன்னும் தொய்வா இருக்கு. இழுங்க."